முஸ்தபாவும் மூன்றாம் விதியும்

நம் சங்கத்தின் விளையாட்டு அறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் வேலை மிகுதி என்று சொல்லிச் சொல்லிக் காலங்கடத்தி வந்தோம். வேலை மிகுதி என்பது பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையுமன்று. அறையைப் பற்றி எழுதப் புகுந்தால் அங்கே நாம் இழைத்த பிழை ஒன்றையும் எழுதியாக வேண்டும். அதற்கு மனம் இடந்தரவில்லை. இப்போது ஒருவாறு இடந்தந்திருக்கிறது. ஆகவே எழுதுகிறோம்.

கரக்பூரில் நெடுநாள் வசிக்கும் அன்பர்களுக்கு அறையின் வரலாறு தெரியும். புதிதாக மாற்றலாகி வந்திருப்போருக்காகச் சுருங்கச் சொல்லுவோம். ஞாயிறு காலையில் நடைபெறும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே போயிற்று. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் வங்காளமும் தெலுங்கும் பேசிக் களைத்த பிள்ளைக்கு, ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பலகையின் முன் உட்கார்ந்து ணகர னகர வேற்றுமை கற்பதில் என்ன நாட்டம் இருக்கும்? வகுப்பு முடிந்ததும் மண்டபத்தின் பின்னறையில் ஒரு மணி நேரம் பழைய வீடியோ ஆட்டங்கள் ஆடலாம் என்று செயற்குழு ஏற்பாடு செய்தது. மூத்தோர் சிலர் முகஞ்சுளித்தனர். “படிக்க வருகிற பிள்ளைக்குச் சூதாட்டமா?” என்று கூட ஒருவர் கேட்டுவிட்டார். ஆனால் அடுத்த மாதமே வகுப்பில் உட்காரப் பாய் போதாமல் மேலும் இரண்டு பாய்கள் வாங்க நேர்ந்தது. கேட்ட பெரியவரே ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

அறையின் பொறுப்பு நம்மிடம் வந்தது எப்படி என்பதும் வேடிக்கைதான். நமக்குக் கணிப்பொறியில் பட்டமோ பயிற்சியோ கிடையாது. படித்தது பத்தாம் வகுப்பு. பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த காலத்தில், கடைவீதியில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். உயரமான மரப்பெட்டியின் முன் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடுவோம். எல்லோரும் ‘முஸ்தபா’ என்று அழைத்த ஆட்டத்தின் உண்மைப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்பதும், ஜப்பானிய நிறுவனமான கேப்காம் 1993-இல் வெளியிட்டது என்பதும் முப்பது வயதுக்குப் பிறகே நமக்குத் தெரிந்தன. அதில் வரும் வீரர் நால்வரில் ஒருவன் பெயர் முஸ்தபா. மூவர் ஒரே சமயத்தில் சேர்ந்து ஆடலாம். நம் நாட்டுப் பிள்ளைகள் மற்ற மூவரையும் விட்டு அவன் பெயரையே ஆட்டத்துக்குச் சூட்டிவிட்டனர். இந்தக் கதையைச் செயற்குழுவில் வாய்தவறிச் சொன்னதுதான் குற்றம். “அப்படியானால் அறையை நீரே பார்த்துக்கொள்ளும்” என்று தலைவர் தீர்மானம் செய்துவிட்டார்.

அறையில் இருப்பது பெரிய கணிப்பொறியன்று. ராஸ்பெர்ரி பை என்னும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகை. பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறியின் உட்செய்திகளைக் கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 2012-இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்தது. ரெட்ரோபை என்னும் இலவச மென்பொருளை ஒரு மெமரி கார்டில் பதித்து அதில் செருகி, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்திருக்கிறோம். இதே போன்ற மற்றொரு சிறு பெட்டியை, நூலகப் புத்தகம் போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாரம் ஒரு குடும்பத்துக்கு இரவலாகவும் தருகிறோம்.

இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. வருகிற தொல்லைகளிற் பாதி, இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதால் வருபவை. ஒன்று எமுலேட்டர். பழைய ஆட்டப் பொறியின் உறுப்புகள் எவ்வெவ்வாறு நடந்துகொண்டனவோ அவ்வாறே மென்பொருளால் நடித்துக் காட்டுவது அது. கடைவீதி மரப்பெட்டிகளைப் பொறுத்தவரை இத்துறையில் முதன்மையானது மேம் என்பது. நிக்கோலா சால்மோரியா என்னும் இத்தாலியர் 1997 பிப்ரவரியில் அதன் முதற்பதிப்பை வெளியிட்டார். பிறகு பல நாட்டார் கைசேர்த்து வளர்த்தனர். 2016-இல் திறந்த மூல மென்பொருளாயிற்று. பழைய பொறிகள் துருப்பிடித்து மறையுமுன் அவை இயங்கிய முறையை ஆவணப்படுத்துவதே தங்கள் நோக்கம், ஆட முடிவது அதன் உபபலன் என்று அவர்கள் சொல்லுகிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தோம். அவர்களுக்கு உபபலனே போதுமாம்.

மற்றொன்று லாஞ்சர். எமுலேஷன் ஸ்டேஷன் என்பது நம் பெட்டியில் உள்ள லாஞ்சரின் பெயர். திரையில் படங்களை அடுக்கிக் காட்டி, எந்த ஆட்டத்தைத் தொட்டீர்களோ அதற்குரிய எமுலேட்டரை எழுப்பி, ஆட்டக் கோப்பை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நம் தொழில் வழக்கிற் சொன்னால், லாஞ்சர் டிக்கெட் கவுண்டர், எமுலேட்டர் இஞ்சின், ஆட்டக் கோப்பு அது இழுக்கும் பெட்டி. வண்டி கிளம்பாவிட்டால் பயணி வைவது கவுண்டரில் இருப்பவனைத்தான் என்பது இந்தத் துறைக்கும் பொருந்தும்.

நிற்க. தொல்லைகளுக்கு வருவோம்.

இரவல் பெட்டியைக் கொண்டுபோன முதற்குடும்பமே மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்தது. ஆட்டத்தில் பெரிய அரக்கன் வருகிற கட்டத்தில் பெட்டி தானே அணைந்து மீண்டும் எழுகிறதாம். பாட்டி கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. “திரையின் ஓரத்தில் மின்னல் போன்ற ஒரு சிறு குறி தெரிகிறதா?” என்று கேட்டோம். தெரிகிறது என்றார்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பலகை காட்டும் எச்சரிக்கை அது. பெட்டியோடு நாம் கொடுத்த மின்வடத்தை விட்டு, கைப்பேசிக்கு உரிய மெல்லிய வடத்தை மாட்டியிருந்தார்கள். கைப்பேசியை மெதுவாக நிரப்ப அது போதும், 2.5 ஆம்பியர் கேட்கும் பலகைக்குப் போதாது. அரக்கன் வரும்போது திரையில் வேலை மிகும். வேலை மிகுந்தால் மின்சாரம் மிகுதியாகத் தேவை. வடம் தாங்காமல் அழுத்தம் விழும். வடத்தை மாற்றியதும் அரக்கன் ஒழுங்காக வந்து ஒழுங்காகச் செத்தான். எலுமிச்சம்பழம் சாதத்துக்குப் போயிற்று.

இன்னோர் அன்பர், தாம் வெளிநாட்டில் விலைகொடுத்து வாங்கிய பழைய பிளேஸ்டேஷன் வட்டுகளிலிருந்து தாமே பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். வட்டு ஒன்றுக்கு இரண்டு கோப்புகள் அமையும். ‘பின்’ என்று முடியும் பெரிய கோப்பில் சரக்கு முழுவதும் இருக்கும். ‘க்யூ’ என்று முடியும் சிறு கோப்பு சில வரிகளே உள்ள ஒரு குறிப்புச்சீட்டு. சரக்கு இன்ன பெயருள்ள கோப்பில், இன்ன வரிசையில் இருக்கிறது என்று சொல்லுவது. அன்பர் அழகுக்காகப் பெரிய கோப்பின் பெயரை மாற்றிவிட்டார். சீட்டில் பழைய பெயரே இருந்தது. பார்சல் வந்து கிடங்கில் கிடக்கிறது, ரசீதில் வேறு பெயர் எழுதியிருக்கிறது என்றால் நாம் கொடுப்போமா? எமுலேட்டரும் கொடுக்கவில்லை. சிறு கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து, பெயரைத் திருத்தியதும் ஆட்டம் எழுந்தது.

மின்சாரம் நிற்கும் முன் பட்டியல் வழியே முறையாக அணைக்காமல் செருகியைப் பிடுங்குவோர், மெமரி கார்டு கெட்டுப்போனதாக வந்து நிற்பது மாதம் ஒரு முறை நடக்கிறது. கடைவீதி ஆட்டம் திரையில் ‘காசு போடு’ என்று நின்றுவிட்டது, எங்கே போடுவது என்று கேட்டவர்களும் உண்டு. கீபோர்டில் 5 என்னும் விசைதான் காசு. 1 என்னும் விசை ஆட்டத் தொடக்கம். ஒரு ரூபாய்க்காக அப்பாவின் சட்டைப்பையைத் தடவிய தலைமுறைக்கு அந்த 5-ஐ அழுத்தும்போதெல்லாம் சிறிது குற்ற உணர்ச்சி ஏற்படுகிறது என்பதையும் ஒத்துக்கொள்ளுகிறோம்.

இவ்வாறான முறையீடுகள் பெருகவே, வாட்ஸாப்பில் ஒரு குழுவைத் தொடங்கினோம். குமாஸ்தா புத்தி போகுமா? கூடவே ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வாங்கிக் கட்டம் போட்டுக் குறைப் பதிவேடு என்று பெயரிட்டோம். எந்தப் பெட்டி, மென்பொருளின் எந்தப் பதிப்பு, கடைசியாகச் சரியாக ஓடிய பிறகு எதை மாற்றினீர்கள், திரையில் வந்த வாசகம் எழுத்துப் பிசகாமல் என்ன, என்பவை கட்டங்கள். ‘ஓடவில்லை’ என்ற ஒரு சொல்லோடு வரும் முறையீட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த நான்கும் நிரம்பினால் பெரும்பாலும் விடை அங்கேயே எழுதியிருக்கும். ஆட்டம் தொடங்காமல் திரும்பி வந்துவிட்டால், ரெட்ரோபை ஏன் திரும்பினேன் என்று ‘ரன்கமாண்ட்’ என்னும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. அக்குறிப்பேடு பெட்டியின் தற்காலிக நினைவில் மட்டுமே இருப்பது. பெட்டியை அணைத்தால் அழிந்துபோகும். ஆகவே குறை கண்டவுடன் அணைத்துவிட்டு நம்மிடம் ஓடிவருபவர், சாட்சியைக் கொன்றுவிட்டுப் புகார் கொடுக்க வருபவராகிறார்.

பதிவேட்டைப் பற்றிப் பெருமையாகவே பேசிவருகிறோம் அல்லவா? சிறிது பொறுங்கள்.

குழு தொடங்கிய நாள் முதல் நமக்கு வந்த பெரிய தலைவலி, பழுதன்று, முஸ்தபா. ‘அந்த ஆட்டத்தின் கோப்பை இங்கே போடுங்கள்’ என்று வாரந்தோறும் யாராவது கேட்பர். நாமும் ஆட ஆசைப்படுகிறவரே. ஆனால் மென்பொருள் வேறு, ஆட்டம் வேறு. எமுலேட்டர் எழுதுவது தவறன்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அதில் ஆடும் ஆட்டமோ, அதைச் செய்தவருக்குச் சொந்தம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணிப்பொறி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது. அனுமதியற்ற பிரதி என்று தெரிந்தே உபயோகிப்பதற்கும் அச்சட்டத்தின் 63பி பிரிவில் தண்டனை உண்டு. கடையில் விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதால் உரிமை நீங்கிவிடுவதில்லை. முஸ்தபா விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு: அந்த ஆட்டம் மார்க் ஷுல்ட்ஸ் என்பவரின் சித்திரக்கதையைத் தழுவியது, ஆகவே கேப்காம் ஒருவர் சம்மதம் மட்டும் போதாது. 2018-இல் அந்நிறுவனம் தன் பழைய சண்டை ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து விற்றபோது வாங்கும் ஆவலோடு பட்டியலைப் பார்த்தோம். முஸ்தபா அதில் இல்லை.

இதற்கிடையில் கடைத்தெருவில் பல்லாயிரம் ஆட்டங்கள் அடங்கியது என்று சொல்லி மெமரி கார்டு விற்கிறார்கள். அன்பர் ஒருவர் ஒன்றை வாங்கி வந்து அறைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். நன்றி கூறித் திருப்பிக் கொடுத்தோம். ஆட்டங்களுக்கு மட்டுமல்ல, அதில் அடங்கிய எமுலேட்டர்கள் சிலவற்றுக்குமே, விலைக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை உண்டு. இலவசமாக உழைத்தவர் உழைப்பை மூன்றாமவர் விற்பது நமக்குச் சரியாகப் படவில்லை. அன்பளித்தவருக்கு மனவருத்தந்தான். அதன்பின் குழுவில் ஆட்டக் கோப்பை யார் இட்டாலும், இட்ட இரண்டு நிமிடத்தில் நாம் நீக்கிவிடுவோம். பிறர் இட்ட செய்தியைக் குழுத் தலைவர் நீக்கும் வசதி 2022-இல் வாட்ஸாப்பில் வந்தது. ‘கத்தரிக்கோல்’ என்று நமக்கு ஒரு பெயரும் வந்தது.

அப்படியானால் பிள்ளைகள் எதை ஆடுவது? உரியவர்களே மனமுவந்து இலவசமாக விட்ட ஆட்டங்கள் சில, மேம் குழுவினரின் இணையதளத்தில் கிடைக்கின்றன. 1981-இல் வந்த ராபி ரோட்டோ அவற்றுள் ஒன்று. 1983-இல் உருவாகிக் கடைக்கே வராமல் நின்றுபோன கிரிட்லீ மற்றொன்று. அத்தளத்தில் வழங்கத்தான் அவர்களுக்கு அனுமதி என்பதால், நாம் படியெடுத்துக் கொடுப்பதில்லை. அவரவரே அங்கிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். எப்படி இறக்கி, எப்படிப் பெட்டியில் சேர்ப்பது என்பதற்கு ஒரு பக்க அளவில் விதிகள் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து இரவல் பெட்டியோடு கொடுத்தோம். ஏழு விதிகள். நம் கையெழுத்து.

இனி அந்தச் சிறுவனைப் பற்றி.

தண்டவாளப் பராமரிப்பில் வேலை கிடைத்து, சென்ற ஆண்டு சேலத்துப் பக்கமிருந்து குடும்பத்தோடு இங்கு வந்தவர் ஒருவரின் மகன். ஏழாம் வகுப்பு. இந்தி அறவே தெரியாது. ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். பள்ளியில் ஒரு சொல் பேசாதவன், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மட்டும் கை தூக்குவான். ஆட்ட அறையில் மற்றப் பிள்ளைகளுக்குத் தமிழில் திருத்தம் சொல்லுவான். ‘டேய், அது ராபி இல்ல, ரா...பி’ என்று அவன் நீட்டிச் சொல்லுவது இப்போதும் காதில் இருக்கிறது. அவன் முறை வந்தபோது இரவல் பெட்டியை எடுத்துப் போனான்.

திங்களன்று குழுவில் எழுதினான்: ‘மாமா, கிரிட்லீ சேர்த்தேன். ஆர்கேட் படமே மெனுவில் வரவில்லை.’ ஒருவர், பெட்டியை அணைத்துத் தொடங்கு என்றார். செவ்வாயன்று அதே கேள்வி. மற்றொருவர் அதே பதில். புதனன்றும் வந்தது. வியாழனன்று நான்காம் முறையாக அவன் கேட்டபோது, பணிமனையில் மின்பகுதியில் இருக்கும் அன்பர் ஒருவர், ‘விதியைப் படிக்கத் தெரியாதவனுக்கு ஆட்டம் எதற்கு? முதலில் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டு வா’ என்று எழுதினார். அவர் தீயவரல்லர். அறையில் உள்ள ஜாய்ஸ்டிக் இரண்டையும் தம் கைக்காசில் சாமான் வாங்கிச் செய்து கொடுத்தவர் அவரே. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கும் பிறர் ஐயத்துக்குப் பதில் எழுதுபவர். அலுப்பில் எழுதிவிட்டார். அதன் கீழே பதினொரு பேர் சிரிக்கும் முகக்குறியை இட்டார்கள். பதினொன்றில் ஒன்று நம்முடையது.

அன்றிரவே சிறுவன் குழுவை விட்டு விலகிவிட்டான். நாம் குறைப் பதிவேட்டை எடுத்து, அவன் பெயருக்கு நேரே நான்கு கட்டங்களையும் காலியாக விட்டு, ‘உபயோகித்தவர் தவறு’ என்று எழுதிக் கோடிட்டு முடித்தோம். கோப்பை நீக்கக் கத்தரிக்கோலோடு காத்திருந்த நாம், அந்த ஒரு வாசகத்தை நீக்கவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

பெட்டி ஞாயிறன்று தந்தை கையில் திரும்பி வந்தது. சிறுவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் வாரம் கோயிலில் அவன் தாயார் நம் மனைவியிடம், “அவன் இனி வரமாட்டேங்கிறான் அக்கா. இங்கயும் எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்றாங்கம்மா-ன்னு அழுவுறான்” என்றாராம். இங்கும் என்ற அந்தச் சொல்லை வீட்டில் கேட்டபிறகு நமக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பணி முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். சிறுவன் உள்ளறையில் இருந்தான், வரவில்லை. நாமும் அழைக்கவில்லை. கூடத்துத் தொலைக்காட்சியில் பெட்டியை இணைத்து, அவன் சேர்த்தவை இருக்கும் அடைவைத் திறந்து பார்த்தோம். கிரிட்லீ இருந்தது. ஆனால் ஒரே ஜிப் கட்டாக அல்ல. கட்டு அவிழ்க்கப்பட்டு, துண்டுத் துண்டுக் கோப்புகளாகச் சிதறிக் கிடந்தது.

இதை விளக்கவேண்டும். கடைவீதி ஆட்டம் ஒன்றில் ஒரே ஒரு வட்டு இராது. மரப்பெட்டிக்குள் இருக்கும் பலகையில் பல சில்லுகள் பதிந்திருக்கும். ஒரு சில்லில் கட்டளைகள், மற்றொன்றில் படங்கள், இன்னொன்றில் ஒலி. ஒவ்வொரு சில்லின் உள்ளடக்கமும் ஒரு கோப்பு. அவையனைத்தும் சேர்ந்த ஜிப் கட்டு, அந்தப் பலகைக்கு ஈடு. மேம் அதைக் கட்டாகவே, அதற்குரிய குறும்பெயரோடு எதிர்பார்க்கிறது. பெயரை மாற்றினாலும் ஆகாது. லாஞ்சரும் அந்த அடைவில் ஜிப் கட்டைத்தான் தேடும். ஒன்றுமே காணாவிட்டால், ஆட்டமில்லாத பிரிவைக் காட்டுவானேன் என்று ஆர்கேட் படத்தையே மெனுவிலிருந்து மறைத்துவிடும். சிறுவன் நான்கு நாளும் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவன் கேட்டதில் விடையும் இருந்தது. படம் மறைந்தது என்றால் கோப்பு அதன் கண்ணுக்குப் படவில்லை என்று பொருள். எத்தனை முறை அணைத்துத் தொடங்கினால் என்ன?

“தம்பி, ஜிப்பை ஏன் விரித்தாய்?” என்று கதவைப் பார்த்துக் கேட்டோம். கோபமாக அன்று, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு சிறுவன் வெளியே வந்து, கணக்கு நோட்டுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டு நின்றான். நம் விதித்தாள். மூன்றாம் விதியின் அடியில் பென்சிலால் கோடிட்டிருந்தான்: ‘இறக்கியது ஜிப் கோப்பாயின் முதலில் அதனை விரித்துக்கொள்க.’

வட்டு ஆட்டங்களுக்கு அது சரி. அன்பர் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் பிரதிகளோடு போராடிய வாரத்தில் அந்தத் தாளை எழுதினோம். அந்த நினைவில் எல்லாவற்றுக்கும் பொதுவிதியாக எழுதிவிட்டோம். நாம் அந்த விதியைப் பின்பற்றியதேயில்லை. பழக்கத்தால் கை தானே சரியாகச் செய்துவிடும். குழுவில் பதில் சொன்ன மற்றவரும் அப்படியே. விதித்தாளை வரிக்கு வரி வாசித்து அதன்படி நடந்தவன் கரக்பூரில் அவன் ஒருவன்தான். அவனைத்தான் வாசிக்கத் தெரியாதவன் என்று சிரித்தோம்.

“தப்பு மாமாவுடையது தம்பி. நீ எழுதியிருந்தபடியே செய்திருக்கிறாய்” என்றோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தந்தை, “சார் வீடு தேடி வந்திருக்காங்க, விடுடா” என்றார். அது நமக்கு இன்னும் கூச்சமாயிற்று. கிரிட்லீயை ஜிப் கட்டாகவே மீண்டும் இறக்கிச் சேர்த்துத் தொடங்கியதும் ஆர்கேட் படம் மெனுவில் வந்தது. ஐந்தை அழுத்தினான், பிறகு ஒன்றை. நாம் காப்பி குடித்து முடிக்கும்வரை ஆடினான். புறப்படும்போது, “நாலாவது விதியிலும் ஒண்ணு இருக்கு மாமா” என்று சொன்னான். இருந்தது. பென் டிரைவில் கட்டாயம் இருக்கவேண்டிய ‘ரெட்ரோபை’ என்னும் அடைவை எழுதாமல் விட்டிருந்தோம். அதைத் தானாகவே யூகித்துச் செய்திருக்கிறான்.

அன்றிரவு குழுவில், பிழை விதித்தாளினுடையது, அதை எழுதியவர் நாம், சிரித்ததிலும் நாம் சேர்ந்திருந்தோம் என்று எழுதினோம். மின்பகுதி அன்பரைத் தனியே அழைத்து, அந்த வாசகத்தை நீக்கியிருப்பதைச் சொல்லி, சிறுவனிடம் ஒரு வார்த்தை பேசுமாறு கேட்டோம். அவருக்குச் சினம் வந்தது. “இரவெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னதற்கு இதுதான் மரியாதையா? தப்புத் தாளை எழுதியது நீங்கள்” என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. இருந்தாலும் நீக்கியதைத் திரும்ப வைக்கவும் இல்லை. அவர் அதன்பின் குழுவில் எழுதுவதில்லை. அவர் போனது அறைக்குப் பெரிய நஷ்டம். நள்ளிரவில் வரும் கேள்விகளுக்கு இப்போது மறுநாள்தான் பதில் கிடைக்கிறது. சென்ற மாதம் ஜாய்ஸ்டிக் ஒன்றின் விசை உடைந்தபோது யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். புதிய விசை பொருத்தி, ஒரு பையில் போட்டு, மகள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். சீட்டு ஏதும் இல்லை.

குழுவில் இப்போது மூன்று ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால், முன்சொன்ன பதிலையே மறுபடி சொல்லாமல், நால்வரில் ஒருவர் நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பார்ப்பது. பதிவேட்டில் நான்கு கட்டங்களும் நிரம்பாமல் எந்தக் குறையையும் முடிக்காமலிருப்பது. ‘உபயோகித்தவர் தவறு’ என்று எழுத வேண்டுமானால், அவரும் அருகில் கையெழுத்திடுவது. மூன்றாவது ஏற்பாட்டுக்குப் பிறகு அந்தச் சொற்றொடர் பதிவேட்டில் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. செருகியைப் பிடுங்கிய குற்றத்துக்காக நம் தலைவரே சிரித்துக்கொண்டு கையெழுத்திட்டார். ஆட்டக் கோப்பு கேட்பதும் கொடுப்பதும் கூடாதென்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. முஸ்தபாவைக் கேட்டு இன்னும் எழுதுகிறார்கள். நீக்குகிறோம், இப்போது நீக்கிய காரணத்தையும் உடன் எழுதுகிறோம்.

விதித்தாள் திருத்தி எழுதப்பட்டுவிட்டது. அச்சுக்குப் போகுமுன் வரிக்கு வரி செய்து பார்த்தவன் அந்தச் சிறுவன். பத்து விதிகளாயின, எழுத்தும் அவனுடையது. இரண்டிடத்தில் ணகர னகரம் மாறியிருந்தது. வகுப்பாசிரியை சிவப்பு மையால் திருத்தினார்.

பழைய தாள் யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து கிழித்தெறிந்துவிடவும். புதிய தாள் மண்டபத்து வாயிற்பக்கம் நூலக மேசையில் கிடைக்கும். அறை ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, தமிழ் வகுப்பு முடிந்தபின் திறக்கும். பழுதான பெட்டியைக் கொண்டுவருவோர் தம் வீட்டில் மாட்டியிருந்த மின்வடத்தையும் கூடவே கொண்டுவரவும்.